பழைய இரும்புக் கடைத் தராசும் வகுப்பறையும்

சுற்றுச்சூழல் நாள் வந்து மறுசுழற்சியைப் பற்றி மாணவர்களைப் பேச வைக்க வேண்டுமென்றால், நம் பள்ளிகள் பெரும்பாலும் முதலில் நாடுவது பட்டிமன்றத்தைத்தான். நன்மையே என்று மூவரும் சிக்கலே என்று மூவரும் மேடையேறுவார்கள். யார் எந்த அணி என்பதை ஆசிரியர் முன்பே வகுத்திருப்பார். நடுவர் இரண்டு அணியையும் பாராட்டிவிட்டு, எல்லோரும் எதிர்பார்த்த தீர்ப்பையே வழங்குவார். நாவன்மைக்கு அது நல்ல பயிற்சிதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு பொருளின் சாதக பாதகங்களை எடைபோடும் பயிற்சி அங்கே நடப்பதில்லை. எந்தத் தட்டில் எதை வைப்பது என்று மாணவர் தாமாக ஒரு முறைகூடத் தேர்ந்தெடுக்காமலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது.

அந்தப் பயிற்சிக்கு நம் ஊர்களில் ஏற்ற ஆசிரியர் பள்ளிக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் பழைய இரும்புக் கடைக்காரர். பழைய சாமான் நல்லதா கெட்டதா என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. சாக்கைக் கவிழ்த்தவுடன் அவர் செய்யும் முதல் வேலை பிரிப்பதுதான்: இரும்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், செம்பும் பித்தளையும் தனியே, அட்டை தனியே, எழுதிய நோட்டு தனியே, தண்ணீர் பாட்டில் தனியே. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொல்லுவார். மிச்சம் இருப்பதைக் காலால் ஒதுக்கி, "இதெல்லாம் எடுக்கறதில்லைங்க" என்று நம்மிடமே திருப்பிவிடுவார். மறுசுழற்சி என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வெவ்வேறு கணக்குகள் அடங்கியிருக்கின்றன என்பதை அந்த ஐந்து நிமிடம் காட்டும் அளவுக்குப் பாடநூலின் எந்தப் பக்கமும் காட்டாது. ஒட்டுமொத்தமாக மறுசுழற்சி நல்லதா என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தப் பொருள், எந்த ஊரில், யார் செலவில், எதற்குப் பதிலாக என்று கேட்கப் பழக்குவதே இப்பாடத்தின் சாரம் என்பது என் கருத்து.

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இருக்கவும் கூடாது. தோட்டங்காடுகளில் 'குப்பை' என்ற சொல்லுக்கு இன்றும் எரு என்றே பொருள். 'காட்டுக்குக் குப்பை அடிக்கணும்' என்று அப்பாரு சொன்னால், அவர் சொல்வது சாணமும் சாம்பலும் மாடு தின்று கழித்த சோளத்தட்டும் மக்கிய உரத்தை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டிக்காரரைத் தாத்தா பாட்டிகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் மட்டை கயிறாகிறது. மட்டையைச் சிதைக்கும்போது உதிரும் நார்க்கழிவுகூட, ஒரு காலத்தில் மலைபோல் குவிந்து கிடந்தது, இன்று செடி வளர்க்கும் கட்டிகளாகக் கப்பலேறுகிறது. கோவையின் வார்ப்படப் பட்டறைகள் பழைய இரும்பை உருக்கி மோட்டார் பம்புகளின் பாகங்களை வார்க்கின்றன. புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். இவற்றில் ஒன்றையாவது நேரில் பார்க்காத பிள்ளை இப்பகுதியில் அரிது.

ஆனால் இவை யாவும் விலை இருப்பதனால் தாமாக நடப்பவை. சமூக மறுசுழற்சி என்பது அதிலிருந்து வேறுபட்டது, இந்த வேறுபாட்டைத் தெளிவாக்காமல் மேலே செல்லக் கூடாது. ஒரு வீட்டுக்காரர் பழைய கடைக்குப் போடுவது விலை போகும் பொருளை மட்டுமே. ஒரு தெருவோ ஊராட்சியோ அடுக்குமாடிக் குடியிருப்போ பள்ளியோ கூட்டாகக் குப்பையைக் கையிலெடுக்கும்போது, விலை போகாததையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். லாபம் தரும் பாதியைப் பழைய கடை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்ட பிறகு, மீந்த பாதியோடுதான் ஊராட்சி போராடுகிறது. சமூக மறுசுழற்சி எங்கும் நட்டத்தில் நடப்பதாகத் தோன்றுவதற்கு இது ஒரு பெரிய காரணம்; அது தோல்வி என்று தீர்ப்பெழுதும் முன் மாணவர்கள் இதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் உண்டாகும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பைக் குப்பையை உண்டாக்குபவரிடமே வைத்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. விதிகள் இப்படி இருக்க, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 டன் குப்பை சேரும் கோவை மாநகரம் பல ஆண்டுகளாகத் தன் குப்பையைக் கொட்டி வந்த இடம் சுமார் 650 ஏக்கர் பரப்புள்ள வெள்ளலூர்க் கிடங்கு. 2024 ஏப்ரலில் அங்கே மூண்ட தீயின் புகை சுற்றியிருந்த குடியிருப்புகளுக்குள் புகுந்தது. கொட்டுவதற்குச் செலவில்லை என்று யாராவது சொன்னால், அச்செலவைத் தம் மூச்சால் கட்டியவர்கள் வெள்ளலூரிலும் போத்தனூரிலும் இருக்கிறார்கள்.

இனிப் பொருள்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும், ஏனெனில் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உலோகத்தில் வாதமே தேவையில்லை. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் அலுமினியமாக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட ஏறத்தாழ 95 சதவீத ஆற்றல் மிச்சமாகிறது; எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் பெரிதாகக் கெடுவதில்லை. காகிதம் அப்படியன்று. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் இழை குட்டையாகிக்கொண்டே போகும் என்பதால் ஐந்து முதல் ஏழு சுற்றுகளுக்கு மேல் அது தாங்காது; எழுதும் தாள் அட்டையாகி, அட்டை முட்டைத் தட்டாகி, நாமக்கல் கோழிப்பண்ணையிலிருந்து முட்டையோடு ஊர் ஊராகப் பயணிக்கும் அந்தத் தட்டோடு இழையின் ஆயுள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதை எருக்குழியில் போடுவதே நேர்த்தி. ஆகவே காகிதத்தை மறுசுழற்சி செய்தால் மரம் வெட்டவே தேவையில்லை என்று எழுதும் மாணவரிடம், முதல் சுற்று இழை எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் கேட்க வேண்டும்.

பிளாஸ்டிக்கில்தான் கணக்கு மிகவும் சிக்கலாகிறது. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்லுகிறது. அதை மறுசுழற்சி செய்ய முடியும் என்றோ, செய்ய ஒரு ஆள் இருக்கிறார் என்றோ அது சொல்வதில்லை. பெரியவர்களே இதில் தவறுகிறார்கள். உலகில் 2015 வரை சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 சதவீதம் மட்டுமே மறுசுழற்சி ஆனது என்று 2017-இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. தண்ணீர் பாட்டிலுக்கு வாங்குவோர் உண்டு. பால் கவருக்கும் உண்டு. கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, கட்டாகக் கட்டி எடைக்குப் போடும் பழக்கம் நம் வீட்டுப் பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கைக்கொண்ட மறுசுழற்சிப் பாடம். ஆனால் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு பாக்கெட்டும், பிளாஸ்டிக் அடுக்குகளோடு மெல்லிய உலோகப் பூச்சும் ஒட்டியவை. அடுக்குகளைப் பிரித்தெடுக்கும் செலவு பொருளின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால் அவற்றைக் கடைக்காரர் தொடமாட்டார். சிமெண்ட் உலையில் எரிபொருளாகப் போவதே அவற்றுக்குக் கிடைக்கும் மேலான கதி. அதை மறுசுழற்சி என்று அழைப்பது சரியா என்ற கேள்வியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டால், அரை மணி நேரத்துக்கு ஆசிரியர் வாய் திறக்க வேண்டியிருக்காது.

எடை என்ற ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும் என்று கொண்டால், ஒரு கிலோவுக்கு 50 பாட்டில் வேண்டும். ஒரு டன்னுக்கு 50,000 பாட்டில். சிப்ஸ் பாக்கெட்டுகளில் ஒரு கிலோ சேர்ப்பதற்கு நூற்றுக்கணக்கில் குனிந்து நிமிர வேண்டும். மாணவர்கள் இதைத் தாங்களே தராசில் நிறுத்துப் பார்த்து, ஒரு கிலோ சேர்க்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்து, அந்த நேரத்தைக் கடை விலையோடு ஒப்பிட்டால், பொறுக்குபவருக்கு மணிக்கு எவ்வளவு கூலி விழுகிறது என்பது அவர்கள் கையாலேயே வெளிவரும். கணக்குப் பாட வேளையை இதற்குக் கடன் கேட்கலாம்.

திருப்பூரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் சாதகமும் பாதகமும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. பனியன் கம்பெனிகளில் துணியை வெட்டும்போது விழும் துண்டுகள், 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் மூட்டை மூட்டையாக விலைபோகின்றன. நிறம் பார்த்துப் பிரித்து, பிய்த்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) என்ற முறையில் நூற்கும் மில்களில் மீண்டும் நூலாக்குகிறார்கள். அந்நூல் துண்டாகவும் போர்வையாகவும் தரை விரிப்பாகவும் மாறுகிறது. நிறம் பார்த்துப் பிரித்த துண்டிலிருந்து வரும் நூலுக்கு நிறம் ஏற்கெனவே இருக்கிறது, ஆதலால் சாயப்பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றைக் கண்ணால் பார்த்த ஊருக்கு இது சிறிய செய்தியன்று. மறுபக்கத்தில், பிய்த்த பஞ்சின் இழை குட்டையாகிவிடுவதால் நூலுக்கு வலுச் சேர்க்கப் பாலியெஸ்டரைக் கலக்கிறார்கள். அந்தப் பாலியெஸ்டரே பல சமயம் பழைய தண்ணீர் பாட்டிலிலிருந்து வந்ததாக இருக்கும். இரண்டு கழிவுகள் ஒரு துணியானது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் பஞ்சும் பாலியெஸ்டரும் கலந்த துணியை மறுபடி பிரிப்பது மிகக் கடினம். அது மண்ணில் முழுதாக மக்கவும் செய்யாது. ஒரு சுற்றை வென்றதற்காக அடுத்த சுற்றை அடகு வைத்தோமா என்று மாணவர் கேட்கலாம். அவ்வாறு கலக்காமல் இருந்தால் அந்தப் பாட்டிலும் அந்தத் துண்டும் எங்கே போயிருக்கும் என்று இன்னொருவர் திருப்பிக் கேட்கலாம். இரண்டும் நல்ல கேள்விகள்.

தண்ணீரின் கதையும் இதே போன்றது. சாயக் கழிவு நொய்யலில் கலந்து, 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணையே சுற்றுவட்டார விவசாயிகளுக்குப் பகையாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சாயத் தண்ணீரைச் சுத்திகரித்துப் பெரும்பகுதியை மீண்டும் பட்டறைக்கே அனுப்புகிறார்கள். தண்ணீர் மறுசுழற்சிக்கு இதைவிடக் கடுமையான முயற்சி நாட்டில் அரிது. ஆனால் கடைசியில் மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்ற வைக்க விறகும் மின்சாரமும் ஓயாமல் செலவாகின்றன, வற்றிய பின் கலப்பு உப்பும் சேறும் மூட்டைகளில் தங்கிவிடுகின்றன. ஆற்றிலிருந்து எடுத்த சுமையின் ஒரு பகுதி உலைப் புகையிலும் கிடங்கிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்காக ஆற்றிலேயே விட்டிருக்கலாம் என்று அறிவுள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். பாதகம் இருப்பதாலேயே ஒரு செயல் தள்ளத்தக்கதாகிவிடாது என்பதையும், ஏற்கத்தக்க செயலுக்கும் பாதகம் உண்டு என்பதையும் ஒரே எடுத்துக்காட்டில் பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள். பொள்ளாச்சி வட்டாரத்தினர் இதற்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவை எடுத்துக்கொள்ளலாம். ஏற்றுமதிக்காக அதன் உப்பைக் கழுவும் பழுப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி அங்கே இன்னும் சூடாகவே இருக்கிறது.

மக்கும் குப்பையைப் பற்றிப் பேசும்போது மாணவர்கள் எளிதாக ஒன்றுபட்டுவிடுவார்கள்: எரு நல்லது, முடிந்தது. அந்த ஒற்றுமையை ஆசிரியர் சற்றுக் கலைக்க வேண்டும். ஊராட்சியோ மாநகராட்சியோ தெருவோரத்தில் உரக்கூடம் அமைக்கப்போகிறது என்றால், 'திட்டம் நல்லதுதான், எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்' என்று முதலில் கிளம்புவது நாம்தான். ஈரமும் காய்ந்த இலையும் சரிவிகிதத்தில் இல்லாவிட்டால் நாறும், எலி வரும். அதைவிடப் பெரிய இடர், பிரிக்காமல் வந்த குப்பையிலிருந்து செய்த உரத்தில் கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக் துணுக்கும் கிடப்பது. வெறுங்காலோடு மஞ்சள் காட்டில் இறங்கும் விவசாயி, அந்த உரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார். வீட்டுச் சமையலறையில் பத்து விநாடி சோம்பியதன் விலை, ஐந்து மைல் தள்ளி ஒரு காட்டில் கட்டப்படுகிறது.

இங்கேதான் 'யாருக்கு' என்ற கேள்வி எழுகிறது. பாடநூல்கள் சாதகம், பாதகம் என்று அட்டவணையில் இரண்டு பத்தி போட்டுக் கொடுக்கின்றன. கொங்கு நாட்டில் கணக்கெழுதாத குடும்பம் குறைவு. வரவு செலவுப் பேரேட்டில் யார் பற்று, யார் வரவு என்று எழுதாத வரியை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே மூன்றாவது பத்தி ஒன்றைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். 'தெரு சுத்தமாகும்' என்ற வரவு தெருக்காரருக்கு. 'கையுறை இல்லாமல் பிரிக்கும்போது ஊசி குத்தும்' என்ற பற்று தூய்மைக் காவலருக்கு. 'விலையில்லாத மூலப்பொருள்' என்ற வரவு ஆலைக்கு. இப்படி ஒரு பக்கம் எழுதி முடித்ததும், வரவெல்லாம் ஒரு சிலர் பெயரிலும் பற்றெல்லாம் வேறு சிலர் பெயரிலும் விழுந்திருப்பதைப் பிள்ளைகளே சுட்டிக்காட்டுவார்கள். அதே சமயம், விற்ற காசில் ஒரு பங்கு பணியாளர்களுக்கே போய்ச் சேரும் ஊர்களில், ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்த ஒரு மூட்டை அவர்கள் வருமானத்தைக் கூட்டுகிறது என்பதும் அந்தப் பேரேட்டிலேயே ஏற வேண்டும். முடிந்தால் ஒரு தூய்மைக் காவலரை வகுப்புக்கு விருந்தினராக அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவருடைய வேலையைப் பற்றி அவரிடமே கேட்க வேண்டும்.

அடுத்தது 'எதற்குப் பதிலாக'. குப்பைமேட்டோடு ஒப்பிட்டால் கண்ணாடிப் பாட்டிலை உடைத்து உருக்குவது நன்மை. கழுவி மீண்டும் நிரப்புவதோடு ஒப்பிட்டால் அது வீண். நம் ஊரில் சோடாக் கம்பெனிகள் பாட்டிலைத் திரும்ப வாங்கியே தொழில் நடத்தின. 2022-இல் நீலகிரியில் தொடங்கி, பிறகு கோவை உள்ளிட்ட பல மாவட்டங்களுக்கும் விரிந்த திட்டத்தில், டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காட்டில் உடைத்தெறிந்த பாட்டில் யானையின் காலைக் கிழிப்பதைத் தடுக்கத் தொடங்கிய ஏற்பாடு அது. பள்ளியில் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லச் சிலர் தயங்குவார்கள். சொல்லலாம் என்பதே என் எண்ணம், ஏனெனில் அறிவுரை செய்யாததைப் பத்து ரூபாய் ஏன் செய்கிறது என்பது நல்ல பொருளாதாரப் பாடம். மஞ்சப்பைக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: பருத்தி விளைவித்து நூற்று நெய்த பைக்கு மெல்லிய கேரி பேகைவிடத் தண்ணீரும் உழைப்பும் பல மடங்கு செலவாவதால், விழாவுக்கு விழா இலவசமாகக் கொடுத்து அலமாரியில் அடுக்கும் பையால் யாருக்கும் பயனில்லை, ஆண்டுக்கணக்கில் சந்தைக்குப் போய்வரும் பைதான் தன் கடனைத் தீர்க்கிறது.

வகுப்பில் செய்யும் முறையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஒரு வாரம் பள்ளியின் குப்பையைப் பிரித்து நிறுப்பதிலிருந்து தொடங்கலாம். அபாயக் கழிவையும் கழிவறைக் கழிவையும் பிள்ளைகள் தொடக் கூடாது, மற்றவற்றுக்கும் கையுறை வேண்டும். சத்துணவுக் கூடத்து முட்டை ஓட்டிலிருந்து தேர்வுத்தாள் வரை எல்லாம் அட்டவணையில் ஏறட்டும். பிறகு கடைக்குச் சென்று விலை கேட்டு வரட்டும். அதே பட்டியலோடு ஒரு மாதம் கழித்து மீண்டும் போனால், விலைகள் மாறியிருப்பதற்கு வாய்ப்புண்டு. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிந்து, பழைய பாட்டிலைக் கேட்க ஆளிருக்காது என்பதும், 2018-இல் சீனா பல வகை வெளிநாட்டுக் கழிவுகளை வாங்குவதை நிறுத்தியபோது தொலைதூர நாடுகளின் பிரித்த குப்பைகூடத் தேங்கிப்போனது என்பதும் அப்போது சொன்னால் மனத்தில் நிற்கும். அதற்குப் பிறகே, தண்ணீர், வேலைவாய்ப்பு, செலவு, நாற்றம், உடல்நலம் என்று ஒவ்வோர் அளவுகோலுக்கும் எத்தனை மதிப்பெண் என்று குழுவாகப் பேசி முடிவு செய்ய வைக்கலாம். காங்கேயம், வெள்ளகோவில் போன்ற வறண்ட பகுதிப் பிள்ளைகள் பால் கவர் கழுவும் தண்ணீருக்கு அதிக எடை கொடுப்பார்கள். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரும் வீட்டுப் பிள்ளைகள் குறைவாகக் கொடுப்பார்கள். அந்த வேற்றுமையைத் திருத்த வேண்டியதில்லை, காரணத்தை மட்டும் எழுத வைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்வேன். அதிகப் பாட்டில் கொண்டுவரும் வகுப்புக்குக் கோப்பை என்று அறிவிக்கும் போட்டிகள் பல இடங்களில் நடக்கின்றன. பரிசுக்காகப் பிள்ளைகள் குளிர்பானம் வாங்கிக் குடித்துப் பாட்டிலைக் கொண்டுவருவார்கள். குப்பையைக் குறைத்த வகுப்பு கடைசி இடத்தில் நிற்கும்.

மதிப்பிடுவதிலும் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். 'நம் ஊரில் சிப்ஸ் பாக்கெட்டைச் சேகரிப்பது வீண்' என்று முடித்த விடைத்தாளும், 'வீணானாலும் சாக்கடை அடைக்காமல் இருக்கச் சேகரித்தே ஆக வேண்டும்' என்று முடித்த விடைத்தாளும், எடையும் விலையும் யார் பற்று என்பதும் காட்டியிருந்தால் ஒரே மதிப்பெண்ணைப் பெறலாம். கடைக்குப் போவதற்கு முன் எழுதிய விடையையும் போய்வந்த பின் எழுதிய விடையையும் ஒரே தாளில், முந்தையதை அடிக்காமல், அடுத்தடுத்து எழுத வைத்து, இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்று மாணவரே ஒரு பத்தி எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பத்திக்கு ஒதுக்கலாம்.